கஷ்டமான வீடு

எங்கள் தொழிலில் "கஷ்டமான வீடு" என்று ஒன்று உண்டு. நாங்கள் சுகாதார நிலையத்துக் களப்பணியாளர்கள். தோளில் பையை மாட்டிக்கொண்டு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காசநோய், தடுப்பூசி என்று தெருத்தெருவாகப் போய்த் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறவர்கள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிற வீட்டைக் கஷ்டமான வீடு என்று நாங்கள் சொல்வதில்லை. அது சுலபம், அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். கஷ்டமான வீடு கதவைத் திறக்கும். உட்காரச் சொல்லும், தண்ணீர் கொடுக்கும், நாம் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்கும். கடைசியில் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று சொல்லும்.

நான் பார்த்ததிலேயே கஷ்டமான வீடு சாவியின் வீடுதான். அவளும் எங்களில் ஒருத்தி. அவள் திறக்காத கதவு இல்லை என்பதால் சாவி என்று பெயர் வைத்தோம், அதுவே நிலைத்துவிட்டது. என்னை மிளகாய் என்பார்கள். ஏன் என்று படிக்கப் படிக்கத் தெரியும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் சாவி துணிக்கடையில் இருந்தாள். வந்தவர்கள் பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அலமாரியில் ஏற்றுகிற வேலை. மலையாகக் குவித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைப் பார்த்தும் முகம் கோணாமல் "அடுத்த தடவை வாங்கம்மா" என்று சொல்லிப் பழகியவள். அந்தப் பொறுமைதான் இங்கே அவளுக்குக் கைகொடுத்தது. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. தடுப்பூசி போடாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு அப்பன் என் முன்னால் நின்றால், முதலில் அவனுக்கு ஒரு ஊசி போடலாமா என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்களுக்கு அடிக்கடி பயிற்சி நடக்கும். திறன் மேம்பாட்டுப் பயிற்சி என்று பேனரில் போட்டிருக்கும். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியையெல்லாம் வட்டமாகப் போடச் சொல்வார். அதனால் அவருக்கு வட்டம் சார் என்று பெயர். நல்ல மனுஷர், குறை சொல்லக்கூடாது. ஆனால் கழுதை வயதில் எங்களை நூல்பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கவிட்டு, கைதட்டிக் குதிக்கவிட்டு, "இப்போ எல்லாருக்கும் உற்சாகம் வந்திருக்கா?" என்று கேட்பார். எங்கள் முட்டி வலி அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

வட்டம் சார் சொல்லிக்கொடுத்த பாடத்தில் முக்கியமானது ஐந்து படி. மறுக்கிற ஆளிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதற்கு. முதல் படி, குறுக்கே பேசாமல் காது கொடு. இரண்டாவது, அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொல். மூன்றாவது, அவர் பயம் நியாயமானது என்று ஒத்துக்கொள். நான்காவது, அவரே யோசிக்கும்படி ஒரு கேள்வி கேள். ஐந்தாவது, முடிவை அவர் கையில் விட்டுவிட்டு எழுந்து வா. இதற்கு நடுவில் திட்டக்கூடாது, பயமுறுத்தக்கூடாது, அழக்கூடாது, தொடக்கூடாது. முதல் விதியிலேயே நான் பெயில்.

சாவி அப்படியில்லை. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒத்திகை பார்ப்பாள். யாரை வைத்து? அவள் வீட்டுக்காரரை வைத்து. அவர் வெல்டர். இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் வேலை. நையாண்டி அவர் உடம்போடு பிறந்தது. வாசல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒருநாள் குடிகாரனாக நடிப்பார், ஒருநாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாமியாராக நடிப்பார், ஒருநாள் காதே கேட்காத கிழவனாகி அவளைத் தொண்டை கிழியக் கத்தவைப்பார். நானும் சில நாள் ஒத்திகைக்குப் போயிருக்கிறேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துத் திரும்பியிருக்கிறேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் சத்தம் போட ஆள் இல்லாத குறையை அவரே தீர்த்துவைத்தார் என்று நினைப்பேன்.

அப்படியே ஐந்து படியும் அவருக்கு மனப்பாடம் ஆகிப்போனது. அதுதான் வினையாக வந்தது.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை சாப்பிட்டார், சில நாள் மறந்தார், எல்லாரையும் போலத்தான். ஒருநாள் பட்டறையில் பற்றவைக்கும்போது தெறித்த நெருப்புப் பொறி ஒன்று ஷூவுக்குள் விழுந்து உள்ளங்காலைச் சுட்டிருக்கிறது. சர்க்கரை கண்ட கால், உணர்ச்சி இல்லை. சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போது காலுறை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். சின்னப் புண்தானே என்று ஏதோ களிம்பைத் தடவினார். புண் ஆறவில்லை, பெருத்தது. பிறகு ஒரு விரல் நிறம் மாறியது.

சாவி பதறிவிட்டாள். ஊர்முழுக்க இதைப் பற்றித்தானே அவள் பேசிக்கொண்டு திரிகிறாள். காலைப் பாருங்க, தினமும் உள்ளங்காலைப் பாருங்க என்று படம் காட்டிச் சொல்கிறவள். எங்கள் நிலையத்து நர்ஸம்மாவைக் கெஞ்சி வீட்டுக்கே அழைத்துப்போனாள். நர்ஸம்மா பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா விரலோட போயிடும். தள்ளிப் போட்டா கால். அதுக்கும் மேல போனா ரத்தத்துல கலந்துடும். அப்புறம் ஆளைப் பார்க்க முடியாதும்மா."

வெல்டர் மாட்டேன் என்றார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அம்மாவுக்கும் இதே நோய்தான். ஒரு விரல் கறுத்துப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர். விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள், முட்டிக்கு மேலே எடுத்தார்கள். பிறகு உயிரோடு திரும்பவில்லை. "எங்கம்மா நடந்து போனாங்க, என்னால தூக்கிட்டுத்தான் வர முடிஞ்சது" என்பார். அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

சாவி பேசிப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்ததுமே அவர் சொல்லிவிடுவார்.

"இது ரெண்டாம் படி. நான் சொன்னதையே திருப்பிச் சொல்றே."

வேறு மாதிரி ஆரம்பிப்பாள்.

"ம், மூணாம் படி. என் பயம் நியாயமானது. அடுத்து கேள்வி கேட்பே. கேளு."

"என்னங்க, நான் பாடம் நடத்தலைங்க. உங்க பெண்டாட்டியாப் பேசுறேன்."

"பெண்டாட்டி இப்படியா பேசுவா? வாங்க போங்கன்னு மெதுவா, தேனொழுக? நீ கதவைத் தட்டிட்டு வந்தவ மாதிரிதான் பேசுறே. போ, இந்த வீட்டுலயும் பேசியாச்சுன்னு எழுதிக்கோ. அஞ்சாம் படி என்ன? எழுந்து போயிடணும். போ."

இதை அவள் என்னிடம் சொன்னது பஸ்ஸில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அஞ்சாம் படியில எழுந்து வந்துடணும்னு சொல்றாங்களேக்கா. நான் எழுந்து எங்க போறது? அதுதானே என் வீடு."

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டும் வந்தேன். அதற்கு அவர், "மிளகா, நீ பேசினா இன்னும் ரெண்டு வருஷம் கூட இருக்கணும்னு ஆசையா இருக்கு" என்று சிரித்தார். இந்த ஆளை என்ன செய்வது.

இந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த பயிற்சி வந்தது. மூன்று நாள், பக்கத்து டவுனில், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பவேண்டும். சாவி லீவு கேட்டாள். மேற்பார்வையாளர் கையை விரித்துவிட்டார். பயிற்சிக்கு வராதவர்களுக்கு அடுத்த வருஷம் வேலை கிடையாது, மேலிடத்து உத்தரவு என்றார். வெல்டர் பட்டறைக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடக்கும்போது இவள் வேலையும் போனால் அந்த வீடு என்ன ஆகும்? வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, தலையைக்கூடச் சரியாக வாராமல் வந்தாள். முதல் நாள் முழுக்க நூல்பந்து அவளிடம் வரும்போதெல்லாம் தவறவிட்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நடிப்புப் பயிற்சி. இது எப்போதும் நடப்பதுதான். வட்டத்துக்கு நடுவில் இரண்டு நாற்காலி. ஒருவர் கஷ்டமான வீடாக உட்காரவேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் ஐந்து படியில் பேசி ஒத்துக்கொள்ள வைக்கவேண்டும். வட்டம் சார் கையில் ஒரு சின்ன மணி இருக்கும். மணி அடித்ததும் நடித்தவர் எழுந்து கையைக் காலை உதறி, "நான் இப்போ நான்" என்று சொல்லவேண்டும். அப்போதுதான் வேஷம் கழன்றதாக அர்த்தமாம். எத்தனையோ தடவை உதறியிருக்கிறோம்.

"கஷ்டமான வீடா யார் உட்காரப் போறீங்க?" என்று கேட்டார்.

சாவி எழுந்தாள். யாரும் சொல்லாமல், தானாக. நாற்காலியில் உட்கார்ந்து, வட்டத்திலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டாள். கையை மார்புக்குக் குறுக்கே கட்டினாள். அப்படியே வெல்டர்.

முதலில் போனது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். "வணக்கம்ங்க, கால்ல என்னங்க?" என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. சின்னப் புண்ணு. உட்காரு. தண்ணி குடிக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். குரல்கூட அவருடைய குரல்தான். புதியவள் திக்கித் திணறி மூன்றாம் படி வரைக்கும் வந்தாள். "உங்க பயம் நியாயமானதுதாங்க."

"நியாயமானதுன்னா விட்டுடேன். நியாயமானதை எதுக்கு மாத்தணும்?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். அடுத்து வேறொருத்தர் போனார். அவரும் தோற்றார். அடுத்தவர், அதற்கடுத்தவர். யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். அம்மா நடந்து போன கதையைச் சொன்னாள். "டாக்டருக்குக் கத்தி இருக்கு, எனக்குக் கால் இருக்கு. அவர் வேலையை அவர் பார்க்கட்டும், என் காலை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். மண்டபமே கலகலத்தது. என்னமா நடிக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் தொடையைத் தட்டினாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவர் தோற்று எழுந்து போகும்போதும் சாவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தவள் முகம் இல்லை அது. எதிரில் வந்து உட்காருகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்த பிள்ளை சோற்றுப் பானையைப் பார்ப்பது மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நடிக்க உட்காரவில்லை. இத்தனை பேரில் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவளைத் தோற்கடிக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா, அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடலாமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசியில் வட்டம் சாரே வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ரொம்ப அழகாக, படிப்படியாகப் பேசினார். சாவி முன்னால் சாய்ந்து கேட்டாள். அவர் நாலாம் படிக்கு வந்து கேள்வி கேட்டார். "சரிங்க, இன்னும் ஆறு மாசம் கழிச்சு உங்க வாழ்க்கை எப்படி இருக்கணும்னு ஆசைப்படறீங்க?"

சாவி வெல்டர் குரலிலேயே சொன்னாள். "ஆறு மாசமா? எனக்கு நாளைக்கு எப்படி இருக்கும்னே பயமா இருக்கு சார். அதான் இன்னைக்குள்ளயே உட்கார்ந்திருக்கேன்."

கைதட்டல் காதைப் பிளந்தது. வட்டம் சாரும் எழுந்து நின்று தட்டினார். "இதுதான் உண்மையான கஷ்டமான வீடு. அருமையான நடிப்பு" என்று சொல்லி மணியை எடுத்தார்.

"மணி அடிக்காதீங்க சார்" என்றாள் சாவி. காலை இறக்கவில்லை. "இன்னும் யாராவது சொல்லிப் பாருங்க. வேற ஏதாவது சொல்லுங்க. யாருக்குமே ஒண்ணும் தெரியலையா?"

நான் எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். எனக்குப் படியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. என் எதிரில் சாவி இல்லை, அந்த ஆள்தான் உட்கார்ந்திருந்தார். இருந்த ஆத்திரமெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"யோவ், உனக்குக் கால் போனா என்ன, உயிர் போனா என்ன, எனக்கு ஒண்ணுமில்ல. உன் பெண்டாட்டி கதி என்னய்யா? அவளை யார்கிட்ட விட்டுட்டுப் போகப்போறே?"

சாவி என்னைப் பார்த்தாள். வாய் கோணியது. ஆனாலும் அவர் குரலில்தான் பதில் வந்தது.

"அவளுக்கென்ன. வேலை இருக்கு. நாலு வீடு ஏறி இறங்குறவ. நான் போனா அஞ்சாவது வீட்டுக்குப் போயிடுவா."

சொல்லிவிட்டு அவள் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. இது அவள் ஜோடித்த வசனம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த மனுஷன் இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

அவள் பையையும் என் பையையும் எடுத்தேன். "எங்கம்மா போறீங்க, இன்னும் கலந்துரையாடல் இருக்கே" என்று மேற்பார்வையாளர் குறுக்கே வந்தார். "நீங்களே கலந்து உரையாடுங்க" என்று சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே வாடை. ஜன்னலைத் திறந்துவைத்துப் பினாயில் போட்டுத் துடைத்திருந்தும் வாடை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் துணியால் சுற்றி ஸ்டூல்மேல் வைத்திருந்தார். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. ஆனால் வாய் ஓயவில்லை.

"என்ன, மிளகாயும் கூட வந்திருக்கு. இன்னைக்கு ரெண்டு வாத்தியாரா?"

சாவி அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு நான் நீங்களா நடிச்சேன்" என்றாள்.

"நானாவா?"

"ஆமாங்க. நீங்க சொல்றதையெல்லாம் சொன்னேன். வந்திருந்த அத்தனை பேரும் பேசிப் பார்த்தாங்க. சாரும் பேசிப் பார்த்தார். ஒருத்தராலயும் முடியல."

அவருக்குப் பெருமை. "பின்ன? நம்மகிட்ட நடக்குமா?"

"எல்லாரும் கைதட்டினாங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க." அவள் சிரிக்கவில்லை. "இனிமே என்கிட்ட ஒண்ணுமே இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீர்ந்துபோச்சு. நான் என்னதான் சொல்லியிருக்கணும்? நீங்களே சொல்லிக் கொடுங்க. நான் நீங்களா இருக்கேன், நீங்க நானா இருந்து ஒரு தடவை பேசுங்க. ஒத்திகைதானே. எத்தனை தடவை பண்ணியிருக்கோம்."

தன் பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நடிக்கக் கூப்பிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைப் போலவே தலையைச் சாய்த்து, குரலை மெல்லிசாக்கினார்.

"வணக்கம்ங்க. சுகாதார நிலையத்துல இருந்து வர்றேன். கால்ல என்னங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சின்னப் புண்ணு."

"சின்னப் புண்ணுன்னு சொல்றீங்க." இரண்டாம் படி. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"எங்கம்மா நடந்து போனாங்க. என்னால தூக்கிட்டுத்தான் வர முடிஞ்சது. என்னையும் அப்படித் தூக்கிட்டு வரணுமா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க பயம் நியாயமானதுதாங்க" என்றார். குரல் முன்னைப்போல் மெல்லிசாக வரவில்லை. நாலாம் படிக்குக் கேள்வி தேடினார். "சரிங்க. நீங்க இப்படியே உட்கார்ந்துட்டா, வீட்டுல இருக்கிறவங்க நிலைமை என்னங்க?"

"அவளுக்கென்ன" என்றாள் சாவி. "வேலை இருக்கு. நாலு வீடு ஏறி இறங்குறவ. நான் போனா அஞ்சாவது வீட்டுக்குப் போயிடுவா."

அவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாவியாக உட்கார்ந்து அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அந்தப் படுபாவிக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"இதை நான் சொன்னேனா?"

"சொன்னீங்க. உங்க காலைத் துடைச்சிட்டு இருக்கும்போது."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் பையை இறக்கி அவளிடம் கொடுத்தார்.

"வண்டி கூப்பிடு" என்றார். "கையைப் பிடி. மெதுவாத்தான் நடக்க முடியும்."

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். பயிற்சிப் புத்தகத்தில் போடலாம். ஆனால் நடந்தது அதுவல்ல.

ஆஸ்பத்திரியில் துணியைப் பிரித்ததும் டாக்டர் முகம் மாறியது. போன வாரம் வந்திருக்கவேண்டும் என்றார். பாதத்தை எடுத்தார்கள். பிறகு முட்டிக்கு மேலே எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறியிருந்தது. அவர் பயந்தது அப்படியே, ஒன்று விடாமல் நடந்தது. கடைசியாக நான் பார்க்கப் போனபோது, கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "மிளகா, அஞ்சாம் படி அவளுக்கு வேணாம். விட்டுட்டு எழுந்து போயிடாதே" என்றார். மறுநாள் அவர் இல்லை. நடந்து போன மனுஷனை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தோம்.

"நான் கூப்பிட்டுத்தானேக்கா வந்தார்" என்று சாவி கேட்டுக்கொண்டே இருந்தாள். "வீட்டுல இருந்திருந்தாலும் போயிருப்பார்டி, இன்னும் நாறிப் போயிருப்பார்" என்று நான் கத்தினேன். டாக்டர் சொன்னது, நர்ஸம்மா சொன்னது எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்டாள். இப்போது அவளே ஒரு கஷ்டமான வீடாகிவிட்டாள். நான் தினமும் போகிறேன், திட்டுகிறேன், சாப்பிட வைக்கிறேன். எழுந்து வரும்போது அவள் கதவைத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டால் வாசலிலேயே நின்றுவிட்டுத்தான் வருவேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டாள். வராமல் எப்படி? ஆனால் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் தட்டமாட்டாள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். நான் போய்த் தட்டவேண்டும். சாவி என்று இப்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

அடுத்த பயிற்சி வந்தது. அதே மண்டபம், அதே வட்டம். வட்டம் சார் வெளியூர்க்காரர், அவருக்கு எதுவும் தெரியாது. அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "போன தடவை இவங்க பண்ணாங்க பாருங்க ஒரு கஷ்டமான வீடு, எல்லா ஊர்லயும் அதைத்தான் சொல்றேன். புதுசா வந்தவங்களுக்காக இன்னொரு தடவை பண்ணுங்கம்மா" என்றார்.

"சார், அவளை விடுங்க" என்று நான் எழுந்தேன். அவள் என் கையை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நான் பண்றேன்க்கா" என்றாள்.

நடுவில் போய் உட்கார்ந்தாள். காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தாள், கையைக் கட்டினாள். அந்தத் தோரணையில் அவரை மறுபடி பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு புதுப்பெண் எதிரில் வந்தாள். காகிதத்தில் எழுதிவைத்த ஐந்து படியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"வணக்கம்ங்க. கால்ல என்னங்க?"

"புண்ணும்மா" என்றாள் சாவி, அவர் குரலில். "ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி கூப்பிடு."

அந்தப் பெண் திகைத்துப்போய் வட்டம் சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கக் கூடாதும்மா. நீங்க கஷ்டமான வீடு" என்றார்.

"இல்ல சார்" என்றாள். "இந்தத் தடவை அவர் சீக்கிரமே போகட்டும்."

வட்டம் சார் கையில் எடுத்த மணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் இப்போ என்ன சொல்லணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. கையைப் பிடி. மெதுவாத்தான் நடக்க முடியும்."

தொடக்கூடாது என்பது விதி. அந்தப் பெண் கையை நீட்டினாள். சாவி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடது காலை இழுத்து இழுத்து வட்டத்தைக் கடந்தாள். வழியில் இருந்த நாற்காலிகளை நாங்கள் நகர்த்திக் கொடுத்தோம். கதவு வரைக்கும் அவள் நொண்டிக்கொண்டே போனாள்.